வயரிங் வகுப்பு

அன்புள்ள அம்மாவுக்கு,

உலகம் மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்க வேண்டிய செய்தி: உன் மகன் தன் காலுறையைத் தானே துவைத்துவிட்டான். உன் மூட்டுவலி தேவலையா?

இங்கே கால்பந்து பழகும் இருபது பேரில் என்னை மட்டும் கிளப்பின் வயரிங் வகுப்புக்குத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். காலால் பிழைக்க வந்தவனுக்குக் கைத்தொழிலும்! மூடிப்போன ஆலையின் தொழிலாளர்கள் தொடங்கிய கிளப் இது. “எங்க அப்பாங்க வெறுங்கையோட தெருவுல நின்னாங்கடா. இங்கேருந்து எவனும் அப்படிப் போகக் கூடாது” என்று கோச் தோளில் தட்டினார். அதிலிருந்து யாராவது கதவைத் தட்டினாலே, என்னைத்தான் கூப்பிடுகிறார்களோ என்று எழுந்துவிடுகிறேன்.

நம் சமையலறை ஸ்விட்ச்சில் பொறி பறக்குமே, அதைத் தொடாதே.

விசில் ஊதிவிட்டார்கள். உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: வீட்டுக்கு அனுப்பிவிடலாமா என்று யோசிக்கிற பையன்களுக்குத்தான் அந்த வகுப்பு. வெள்ளிக்கிழமை, போகிறவர்கள் பட்டியல் ஒட்டுவார்கள். ஸ்விட்ச்சை நானே வந்து மாற்றும்படி ஆகிவிடும்போல இருக்கிறது. திட்டாதேம்மா.

உன் மகன்