பதினோரு தலையணை உறை

அத்தானுக்குச் சின்னவள் எழுதுவது. நீங்கள் அங்கே நல்லபடியாக இருக்க வேண்டும்.

அன்றைக்கு நான் முதலில் கவனித்தது ஒரு கோணல் மடிப்பை. அக்காவும் நானும் எதிரெதிரே நின்று ஒரே விரிப்பின் இரண்டு பக்கங்களைப் பிடித்து மடிப்பவர்கள். நான் சலவைக் கூடத்தில் சேர்ந்த இந்த இரண்டு வருடத்தில் அக்கா பிடித்த ஓரம் ஒருநாளும் விலகியதில்லை. அன்று காலை பத்து மணி இருக்கும். அவள் பக்கத்து மூலை நாலு விரல் கீழே தொங்கியது. நான் மூலையைத்தான் பார்த்தேன், அவள் முகத்தைப் பார்க்கவில்லை. "கை வழுக்கிடுச்சு" என்றாள். அந்த விரிப்பை அப்படியே அடுக்கின் மேல் வைத்துவிட்டுக் கட்டையை எடுத்துக்கொண்டு போனாள்.

போனில் எனக்குப் பேச வராது. நீங்கள் கூப்பிட்டால் இரண்டு "ம்" சொல்லிவிட்டு அக்காவிடம் கொடுத்துவிடுவேன். "உன் தங்கச்சி இன்னிக்கு மேடையேறிப் பேசிட்டா" என்று நீங்கள் கேலி செய்வீர்கள். இப்போது இருபத்து மூன்று நாளாக நீங்கள் கூப்பிடவும் இல்லை. அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

அக்கா எழுந்து நடமாடுகிறாள். சாப்பிடு என்றால் சாப்பிடுகிறாள். பால் கட்டிக்கொண்டு மார்பு கல்லாகிவிட்டது. பழைய துணியைக் கிழித்து நான்தான் இறுக்கிக் கட்டிவிடுகிறேன். இரவிக்கை நனைந்தால் அத்தை, "குடிக்க ஆள் இல்லாத வீட்டுல இது ஒண்ணுதான் குறைச்சல்" என்கிறார். அவர் உங்களுக்குத் தாய், எனக்கும் சோறு போடுகிறவர். அவரைப் பற்றிக் குறை எழுதவில்லை. நடந்ததை எழுதுகிறேன்.

அன்று விடிகாலையிலேயே அக்கா இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அத்தை, "இடுப்பு வலிச்சா எல்லாம் பிரசவ வலியா? ஒரு ராத்திரி ஒரு பகல் துடிச்சுத்தான் உன் புருஷனைப் பெத்தேன்" என்றார். முந்தின வாரம் ஆஸ்பத்திரியில் நர்ஸும் அதையேதான் சொல்லியிருந்தார். தலைச்சன் பிள்ளை, பன்னிரண்டு மணி நேரமாவது ஆகும், லேசாக வலித்தவுடன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடிவராதீர்கள் என்று. நாள் இன்னும் பதினெட்டு இருந்தது. அடுத்த திங்கட்கிழமையிலிருந்து லீவு. அதனால் வேலைக்கு வந்துவிட்டாள்.

கட்டையைப் பற்றி அக்கா உங்களிடம் சொல்லியிருக்க மாட்டாள். எங்கள் கூடத்தில் கக்கூஸுக்குப் போக ஒரே ஒரு கட்டை உண்டு. முழ நீளம், சிவப்புச் சாயம் அடித்தது. சூப்பர்வைசர் அம்மா மேசைக்குப் பின்னால் ஆணியில் தொங்கும். அதைக் கையில் எடுத்தவர்தான் போகலாம். அது ஆணிக்குத் திரும்பும்வரை மற்ற இருபத்திரண்டு பேரும் இடத்தைவிட்டு நகரக் கூடாது.

கக்கூஸ் பாய்லர் அறையைத் தாண்டி இருக்கிறது. அங்கே நின்று தொண்டை கிழியக் கத்தினாலும் கூடத்துக்குக் கேட்காது. ஆனால் அதன் சுவரிலிருந்து ஒரு இரும்புக் குழாய் கிளம்பி, கூடத்தின் சுவரோடு வந்து, கடைசி மேசைக்குப் பின்னால் முடிகிறது. கடைசி மேசை எங்களுடையது. நான் முதுகை அந்தக் குழாயில் சாய்த்துத்தான் உட்காருவேன்.

விரிப்பு மடிக்க இரண்டு பேர் வேண்டும். அக்கா இல்லாததால் தலையணை உறைகளை எடுத்து மடித்துக்கொண்டிருந்தேன். முதுகில் டங் டங் என்று இரண்டு முறை அதிர்ந்தது. தண்ணீர் திறந்துவிட்டார்கள் போலிருக்கிறது என்று நினைத்தேன். பதினோரு உறை மடித்ததும் மறுபடி வந்தது. அப்புறம் ஏழு உறைக்கு ஒரு முறை. அப்புறம் நாலு. தண்ணீர் அப்படித் தட்டாது, அத்தான். அக்காதான் தட்டுகிறாள் என்று எனக்குப் புரிந்துவிட்டது.

எழுந்து சூப்பர்வைசர் அம்மா மேசைக்குப் போய் நின்றேன். அவர் நிமிர்ந்து, "என்ன, ஊமைக்கு அவசரமா? கட்டை வரட்டும்" என்றார். "அக்கா" என்றேன். அதற்கு மேல் வரவில்லை. எட்டாம் வகுப்பில் எழுந்து நின்று பாடம் படி என்றபோதும் இப்படித்தான் நின்றேன். துணிக்குக் கஞ்சி போடுகிற அக்கா தன் தொட்டியருகில் இருந்தே, "அக்காளும் தங்கச்சியும் ஜோடியாத்தான் போவீங்களோ? உள்ள என்ன கல்யாணமா நடக்குது?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அவர் நாலு பெற்றவர், கெட்டவர் இல்லை. தெரியாமல்தான் சொன்னார்.

நான் என் இடத்துக்குத் திரும்பி வந்துவிட்டேன்.

பிறகு இரண்டு உறைக்கு ஒரு முறை தட்டியது. பிறகு இடைவெளியே இல்லை. குழாயிலிருந்து முதுகை எடுத்துவிட்டு முன்னால் குனிந்து உட்கார்ந்தேன். கொஞ்ச நேரம் கழித்துக் குழாயைத் தொட்டுப் பார்த்தபோது சத்தம் நின்றிருந்தது. எனக்கு அப்பாடா என்று இருந்தது.

பத்தே முக்காலுக்குக் கஞ்சி போடுகிற அக்கா அடக்க முடியாமல் போய்க் கதவைத் தட்டினார். உள்ளே நம் அக்கா படுத்தபடி காலாலேயே கீழ்த் தாழ்ப்பாளைத் தள்ளித் திறந்திருக்கிறாள். பெண் குழந்தை. கழுத்தில் கொடி இரண்டு சுற்று சுற்றியிருந்தது. முடி நிறைய. உங்கள் காது.

அன்று இரவு நான் ஆஸ்பத்திரிக்குப் போனபோது டாக்டரம்மா சொன்னார்: ஆயிரத்தில் சிலருக்கு இப்படி வெள்ளம் மாதிரி வரும், ஒரு வலிக்கும் அடுத்த வலிக்கும் நடுவில் மூச்சுவிடக்கூட இடம் இருக்காது, அந்தப் பெண் எழுந்து நடந்து கதவைத் திறந்து ஆளைக் கூப்பிடுவது ஆகாத காரியம். அக்கா நாற்பது நிமிடமும் அந்த ஈரத் தரையில் இடதுபக்கமாக ஒருக்களித்துப் படுத்திருக்கிறாள். குழந்தை சிமெண்டில் விழுந்துவிடாமல் ஒரு கையால் தலையைத் தாங்கியிருக்கிறாள். முக்காமல் இருக்க வாயால் ஊதி ஊதி மூச்சு விட்டிருக்கிறாள். இன்னொரு கையில்தான் கட்டை. டாக்டரம்மா, "பக்கத்துல ஒரு ஆள் இருந்திருந்தா கொடியை எடுத்து விட்டிருக்கலாம்" என்றும் சொன்னார். அப்போது நான் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தேன்.

அவர் போனதும் அக்கா என்னைப் பார்த்து, "நீ குழாயிலதானே சாஞ்சிருப்ப. கேட்டுச்சா?" என்றாள். "மெஷின் சத்தத்துல ஒண்ணும் கேக்கலைக்கா" என்றேன். அவள், "அப்ப நான் தட்டவே இல்லன்னு வெச்சுக்க" என்று சொல்லிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அதற்கு மறுநாள்தான் நீங்கள் போனில், "ஒரு தடவை வாயைத் திறந்திருந்தா என்ன? பெத்த பிள்ளையைவிட வெக்கம் பெருசாப் போச்சா?" என்று கேட்டீர்கள். பக்கத்தில் இருந்த எனக்கே கேட்டது. அவள், "ஆமாங்க, வெக்கமா இருந்துச்சு, யாரையும் கூப்பிடலை" என்றாள். வெட்கப்பட்டவள் அவள் இல்லை, அத்தான். அவள் கூப்பிட்டாள். நாற்பது நிமிடம் என்னைத்தான் கூப்பிட்டாள். இது அத்தைக்கும் தெரியாது.

நீங்கள் அக்காவிடம் பேச வேண்டும். மன்னிப்புக் கேட்க வேண்டாம், ஆறுதல் சொல்லவும் வேண்டாம். "சாப்பிட்டியா" என்று மட்டும் கேளுங்கள். என்னைத் திட்ட வேண்டும் என்றால் அதற்கும் கூப்பிடுங்கள். இந்த முறை போனை அக்காவிடம் தள்ளிவிட மாட்டேன், முழுவதையும் கேட்பேன்.

உங்கள் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். உங்களுக்கு ஒரு குறையும் வரக் கூடாது.

உங்களை வணங்கும்
சின்னவள்

மடித்து உறையில் போட்ட பிறகு மறுபடி பிரித்து எழுதுகிறேன். ஒன்றை விட்டுவிட்டேன். வண்டி வந்ததும் அக்காவோடு கஞ்சி போடுகிற அக்காவை ஏற்றினார்கள். நானும் ஏறப் போனேன். சூப்பர்வைசர் அம்மா, "நீ போய் டாக்டர்கிட்ட என்னத்தப் பேசப் போற? சாயங்காலம் சரக்கு போகணும்" என்றார். நான் ஏறவில்லை. கட்டை கக்கூஸ் தரையில் கிடந்தது. அதை எடுத்துக் கழுவி ஆணியில் மாட்டினேன். மேசைக்கு வந்து, அக்கா கோணலாக மடித்து வைத்திருந்த விரிப்பை உதறிப் பிரித்தேன். மேசை மேல் பரப்பி, தனி ஆளாக, ஓரத்தோடு ஓரம் சேர்த்து நேராக மடித்து வைத்தேன்.