தம்பி சொன்ன ‘வேண்டாம்’

என் செல்ல மகளுக்கு,

இங்கே நாங்கள் மூன்று பேரும் வேளைக்குச் சாப்பிட்டு, நேரத்துக்குத் தூங்கி, நடுவில் கொஞ்சம் சண்டையும் போட்டுக்கொண்டு சௌக்கியமாக இருக்கிறோம். நீயும் சௌக்கியமாகத்தான் இருப்பாய், ஆனாலும் அதை உன் வாயால் கேட்டால்தான் எனக்கு மனசு ஆறும். ஃபோனில் இதையெல்லாம் சொல்ல ஆரம்பித்தால் அப்பா பின்னால் நின்று திருத்தம் சொல்வார், நீ மூக்கை உறிஞ்சுவாய், நான் சொல்ல வந்ததை மறந்துவிடுவேன். அதனால் கடையில் தையல் மெஷினைத் தள்ளிவைத்துவிட்டு உட்கார்ந்து எழுதுகிறேன். விஷயம் நல்லபடியாக முடிந்துவிட்டது, அதை முதலிலேயே சொல்லிவிட்டேன், பதறாமல் படி.

எல்லாம் தம்பியின் கடைவாய்ப் பல்லால் வந்த வினை. கன்னம் வீங்கி, மயக்க மருந்து கொடுத்துத்தான் எடுக்க வேண்டும் என்று பல் டாக்டர் சொன்னாரா, நானும் வழக்கம்போலப் பேனாவை எடுத்துக் கையெழுத்துப் போடப் போனேன். நர்ஸ் காகிதத்தை இழுத்துக்கொண்டாள். “அவருக்கு இருபத்து நாலு வயசும்மா, நீங்க போட்டா செல்லாது” என்றாள். பெற்றவள் கையெழுத்து செல்லாதாம்! இந்தப் பிள்ளைக்குப் பல் முளைத்தபோது நீ எங்கே இருந்தாய் என்று கேட்க வாய் வந்தது, அப்பா என் கையைப் பிடித்து அழுத்தினார். சரி, அவனே போடட்டும் என்றால் அதற்கும் தயங்கினார்கள், அவன் சின்னப் பிள்ளை மாதிரி நின்று நிதானித்துப் பேசுவதைப் பார்த்து, அவனுக்குப் புரியுமா புரியாதா என்று அவர்களுக்குச் சந்தேகம். சட்டப்படி அவனுக்கு யார் என்று முதலில் எழுதி வாங்கிக்கொண்டு வாருங்கள் என்று வலி மாத்திரையோடு அனுப்பிவிட்டார்கள்.

கடைக்கு எதிரே கோர்ட்டு இருப்பது இதற்காவது உதவியது. அங்கே போகிற வருகிறவர்களில் பாதிப் பேருடைய இடுப்பளவு எனக்கு மனப்பாடம். கறுப்புக் கோட்டைத் தளர்த்தித் தைக்க வந்த வக்கீலம்மாவைப் பிடித்து உட்காரவைத்துக் கேட்டேன். பிள்ளைகள் மேஜராகிவிட்டால் அப்பா அம்மா பொறுப்பு சட்டப்படி அதோடு சரி, ஆனால் தன்னைத் தானே பார்த்துக்கொள்ள முடியாத பிள்ளை என்றால் பொறுப்பு தீராது, அதே சமயம் அவனுக்காக எதையும் முடிவு செய்யும் உரிமை நமக்குத் தானாகவும் வராது, கோர்ட்டில் கேட்டுக் காப்பாளர் என்று ஆர்டர் வாங்க வேண்டும் என்றார். நன்றாக இருக்கிறது போ, பாரம் மட்டும் நம்முடையது! ஆர்டர் வந்துவிட்டால் அவன் எங்கே இருப்பது, என்ன வேலை செய்வது, எந்தப் பல்லைப் பிடுங்குவது, எல்லாவற்றுக்கும் என் சொல்தான் கடைசி. உன் அப்பாவுக்கு ஒரே நிம்மதி. அந்த நிம்மதியில், எங்களுக்குப் பிறகு யார் என்று வக்கீலம்மா கேட்டதும், உன்னை ஒரு வார்த்தை கேட்காமல் பட்டென்று உன் பெயரைச் சொல்லிவிட்டார். வீட்டுக்கு வந்து நான் போட்ட போட்டில் அவர் அன்றைக்குப் பேப்பரைத் தலைகீழாகப் பிடித்துப் படித்தார். போன மாதம் நீ ஃபோனில், வேலையை விட்டுவிட்டு வந்துவிடட்டுமா, அவனுக்கு நான்தானே என்று கேட்டாயே, அன்றிலிருந்து எனக்கு இதே பயம். ஒரு பிள்ளையைக் காப்பாற்றுகிறேன் என்று இன்னொரு பிள்ளையைக் கட்டிப்போட்டுவிடுவேனோ என்று.

விசாரணை ஒரு சின்ன அறையில்தான் நடந்தது. நீதிபதி வயதானவர், தாழ்ந்த குரல். தம்பியைத் தன் பக்கத்திலேயே உட்காரவைத்தார். “உனக்குப் பதிலா அம்மாவே எல்லாத்தையும் முடிவு பண்ணி, அம்மாவே கையெழுத்துப் போடட்டுமாப்பா?” என்று கேட்டார். இவன் அவருடைய கோட்டில் நூலில் தொங்கிக்கொண்டிருந்த பட்டனையே பார்த்துக்கொண்டு, “வேண்டாம்” என்றான். எங்களுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவன் முதல் வேண்டாம் எப்படி என்று உனக்குத் தெரியாததா? முடிவெட்டப் போகலாமா, வேண்டாம். உன்னை வழியனுப்ப வருகிறாயா, வேண்டாம். கொஞ்சம் விட்டு மறுபடி கேட்டால் செருப்பைப் போட்டுக்கொண்டு வாசலில் நமக்கு முன்னால் நிற்பான். அவன் யோசிக்கிறேன் என்று சொல்கிற விதமே அதுதான். அப்பா எழுந்து நின்று, “ஐயா, அவன் மொத தடவை எதுக்குமே வேண்டாம்தான் சொல்வான், ரெண்டாம் தடவை கேளுங்க, சரின்னுடுவான்” என்று விளக்கினார். நீதிபதி சிரிக்கவில்லை. சரி, காத்திருக்கலாம் என்று தண்ணீர் வரவழைத்து அவனுக்கும் கொடுத்துத் தானும் குடித்தார். பிறகு அதே கேள்வியை அதே மாதிரி கேட்டார்.

அவன் மறுபடியும் “வேண்டாம்” என்றான்.

எனக்குச் சுருக்கென்றது. இரண்டாம் தடவை அவன் வேண்டாம் சொல்லி நான் கேட்டதே இல்லையடி. ஏன் வேண்டாம் என்று நீதிபதி கேட்டார். “நான் போடறேன் கையெழுத்து. அம்மா பக்கத்துல உக்காந்து படிச்சுச் சொல்லட்டும். புரியலைன்னா திருப்பிச் சொல்லட்டும்” என்றான். அதோடு விட்டானா, “கண்ணாடி போட்டுக்கிட்டுப் படிக்கணும்” என்று சேர்த்துக்கொண்டான். அறையே சிரித்தது, நானும் சிரித்தேன், சிரிக்கும்போதே கண்ணில் தண்ணீர். அவன் உரிமையை அவனுக்காகக் கேட்டு வாங்கப் போனவள் நான், அவனிடமிருந்தே அதை வாங்கிக்கொண்டு வர இருந்தேன் பார். அப்படியும் ஓர் ஏற்பாடு சட்டத்தில் இருக்கிறது என்று வக்கீலம்மா எடுத்துச் சொல்ல, காப்பாளர் வேண்டாம், முடிவு அவனுடையது, நாங்கள் உடனிருந்து உதவுபவர்கள் என்று நீதிபதி எழுதிவிட்டார். கிளம்பும்போது தம்பி அந்தப் பட்டனை விடவில்லை, கடைக்குக் கொண்டுவாங்க என்று சொல்லிவிட்டுத்தான் வந்தான். ஆஸ்பத்திரிக் காகிதத்தை நான் வரி வரியாகப் படித்தேன், வலிக்குமா என்று நர்ஸிடம் அவனே கேட்டான், நாக்கைக் கடித்துக்கொண்டு கையெழுத்துப் போட்டான். பல்லை எடுத்தாகிவிட்டது. இப்போது மூன்று வேளையும் ஐஸ்கிரீம்தான் சாப்பிடுகிறான், அதுவும் அவன் முடிவாம், நான் வாயைத் திறக்கக் கூடாதாம்.

இனி உன் விஷயம். எங்களோடு இன்னொரு உதவியாளரும் இருந்தால் நல்லது, யாரைப் போடலாம் என்று நீதிபதி கேட்டபோது, அவன் யோசிக்காமல் “அக்கா” என்றான், அந்த ஒன்றுக்கு மட்டும் வேண்டாம் வரவே இல்லை. அப்பா முகத்தைப் பார்க்க வேண்டுமே! ஆனால் நீதிபதி, அக்காவுக்குச் சட்டப்படி எந்தக் கட்டாயமும் இல்லை, அவங்களைக் கேட்டு, அவங்க சம்மதிச்சாதான் என்று சொல்லிவிட்டார். அங்கே இருந்தபடி ஃபோனிலேயே அவனுக்கு விளக்கிச் சொன்னாலும் போதுமாம். அதனால் வேலையை விடுகிற பேச்சை இதோடு விடு. நீ அவனுக்கு அக்கா, அவ்வளவுதான், அதற்கு எந்தக் கோர்ட்டிலும் கையெழுத்துப் போட வேண்டியதில்லை.

நீ எடுத்த காரியமெல்லாம் கைகூடி, நோய்நொடி இல்லாமல் நன்றாக இரு, கண்ணு. நான் தைத்துக் கொடுத்த குளிர்க் கோட்டு பிடிக்கிறது என்றாயே, பக்கத் தையலுக்குள் ஒரு விரல் துணி மடித்து விட்டிருக்கிறேன், அதைப் பிரித்துக்கொள், இளைக்கிறேன் என்று பட்டினி கிடக்காதே. தம்பி பக்கத்தில் வந்து நிற்கிறான். அக்காவிடம் நானே கேட்கிறேன் என்று நீதிபதியிடம் சொல்லியிருக்கிறான், அவன் சொல்லச் சொல்ல ஒரு எழுத்து மாற்றாமல் எழுதுகிறேன், கண்ணாடி போட்டிருக்கிறேனா என்றும் பார்த்துவிட்டான்.

“அக்கா, எனக்குப் படிச்சுச் சொல்றதுக்கு நீயும் இருக்கியா? யோசிச்சுச் சொல்லு. வேண்டாம்னு சொன்னாலும் பரவாயில்ல. நான் ரெண்டாம் தடவை கேக்கறேன்.”

அன்புடன்,
அம்மா

தம்பி (நானே போட்டது)