கிழவரின் வம்ச வரலாறு

பெப்ரவரி 12, 2024

இன்றும் டொனாட்டோ கிழவர் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை. "ஏய்" தான். எனக்கு நாற்பத்தாறு வயது.

மெல்போர்னுக்கு வரமுன் பலெர்மோவில் பதினொரு வருடம் வீடு துடைத்துப் பழகிய இத்தாலியன் மொழிதான் இந்த மொழிபெயர்ப்பு வேலையைத் தந்தது. ஜெனோவாவில் பட்டு விற்ற பிரபுக் குடும்பமாம் கிழவருடையது. பெட்டி நிறையப் பழைய கடிதங்கள். மகள் லூசியாவுக்கு இத்தாலியன் வாசிக்கத் தெரியாது. மே மாதம் கிழவரின் எண்பத்தைந்தாவது பிறந்தநாளுக்குக் குடும்ப வரலாறு ஆங்கிலத்தில் புத்தகமாக வேண்டும்.

பெப்ரவரி 19

கதிரையில் இருக்கவேண்டாம், உறை பட்டு என்றார். குசினி ஸ்டூலில் இருந்து எழுதினேன்.

மார்ச் 6

"நீயும் படகிலதான் வந்தனியோ?" என்று கேட்டார். விமானத்தில் வந்தேன் என்று ஏன் சொல்லவேண்டும்? "என்ர தம்பி வந்தவன். வில்லாவுட் தடுப்பு முகாமில மூண்டு வருசம் அடைச்சு வைச்சிருந்தவை" என்றேன். கிழவர் கண்ணாடியைத் துடைத்தார்.

மார்ச் 20

1694ஆம் ஆண்டுக் கடிதம். குடும்பத் தலைவர் லொரென்சோ தம்பிக்கு எழுதியது. மனைவிக்குப் பிள்ளை இல்லை. வீட்டிலிருந்த, துனிஸ் நகரத்து அடிமைப் பெண்ணுக்குத் தன்னால் ஒரு மகன். மனைவி பெற்றதாக ஞானஸ்நானப் பதிவில் எழுதுவித்தாராம். டொனாட்டோ அந்த மகனின் வழிவந்தவர்.

மூன்று தரம் வாசித்தேன். சந்தோஷமாக இருந்தது. வெட்கம்கெட்ட சந்தோஷம்.

மார்ச் 22

லூசியா இருக்கும்போது, அந்தக் கடிதத்தை வேண்டுமென்றே ஆங்கிலத்தில் வாசித்தேன்.

"அதைப் போடக்கூடாது" என்றார் கிழவர்.

"இருக்கிறதைத்தான் எழுதுவன்."

"நீ வேலைக்காரி."

கோப்பையைச் சுவரில் எறிந்தார். லூசியா கேட்டது ஒன்றுதான்: "அவளின்ர பேர் என்ன?"

கடிதத்தில் 'அந்தப் பெண்' என்று மட்டுமே இருந்தது. நானும் அதைத் தேடவில்லையே. கிழவருக்கு எறிய எனக்கு ஒரு கல் வேண்டியிருந்தது - அவ்வளவுதானே?

மார்ச் 25

என்னை வேலைக்கு அனுப்பிய ஏஜென்சி அழைத்தது. இனி அந்த வீட்டுக்குப் போகத் தேவையில்லையாம்.

மே 19

டன்டினோங்கில் என் வீட்டுக்கு லூசியா வந்தாள். கையில், வேறு ஆளைக் கொண்டு முடித்த புத்தகம். அந்த மகனின் தாயாக லொரென்சோவின் மனைவியே அச்சாகியிருந்தாள்.

"அப்பா கடிதத்தை எரிச்சிட்டார். உன்னட்டப் பிரதி இருக்கா?"

ஓம், கடிதத்தைப் பிடித்த படமும் என் மொழிபெயர்ப்பும் இருந்தன. மேசையில் வைத்து மெதுவாக வாசித்தாள்.

"மகனை மகன் எண்டு கூப்பிட அவளை விட்டிருப்பினமா?"

"தெரியாது" என்றேன்.

தன் பிள்ளைகளுக்கான இரண்டு புத்தகங்களிலும் அந்த மொழிபெயர்ப்புப் பக்கத்தை ஒட்டப் போகிறாளாம். கீழே என் பெயரும் வேண்டுமாம். 'மொழிபெயர்ப்பு: கிறிஸ்ரினா யாக்கோபு' என்று எழுதிக் கொடுத்தேன்.

கிழவருக்குத் தெரிந்தால்? தெரியட்டும்.