அப்பப்பாவின்ர பேர்

கிரெய்கிபர்ன்,
ஞாயிறு காலமை.

மகன் சுதன்,

ஆண்டவர் உன்னையும் அனாவையும் குழந்தையையும் காப்பாராக. சிட்னியில இருந்து நாங்கள் சுகமாய் வந்து சேர்ந்தம். போனில கதைச்சால் உன்ர அப்பா ஓடிவந்து ஸ்பீக்கரைப் போடச் சொல்லுவார். அதுதான் கடிதம். அவர் பூசைக்குப் போயிட்டார், நான் கால் நோகுதெண்டு வீட்டில நிண்டிட்டன்.

பேர் வைக்கமுன்னம் நீ அவருக்கு என்ன சொன்னனீ? யோசேப்பு எண்ட எபிரேயப் பேர்தான் எங்களிட்ட சூசையாச்சாம், அனாவின்ர குரோஷிய ஆக்களிட்ட யோசிப் ஆச்சாம். ஆண்டவர் இன்னும் கூட்டித் தருவார் எண்டு அர்த்தமாம். பிள்ளைக்கு யோசிப் எண்டு வச்சாலும் அது உங்கட பேர்தான் எண்டனீ. உன்ர அப்பா, சூசை எண்ட அந்த மனிசன், அதைக் கோயிலுக்கு வாற சனத்துக்கெல்லாம் சொல்லித் திரிஞ்சார். ஊரில இருக்கிற தங்கச்சிக்கும் போன் போட்டுச் சொன்னார்.

ஞானஸ்நான விருந்தில அனாவின்ர தகப்பன் கிளாசைத் தூக்கிப்பிடிச்சு தங்கட பாசையில பேசினாரெல்லே. பக்கத்துக் கதிரையில இருந்த மனிசி எனக்கு இங்கிலீசில சொன்னா. ஆம்பிளைப் பிள்ளை இல்லாத தனக்கு, பேரன் வயித்தில இருக்கேக்கையே மருமோன் வாக்குக் குடுத்தவராம், யோசிப் எண்ட உங்கட பேர்தான் வைப்பன் எண்டு. நீங்கள் பிள்ளையை யோசோ, யோசோ எண்டு கொஞ்சுறது, அவரைத் தாய் கூப்பிட்ட செல்லப் பேராம்.

ஒரு கல்லில ரெண்டு மாங்காய், என்ன? கெட்டிக்காரன்தான்! மாமனாருக்கு வாக்கு, பெத்தவருக்குச் சாட்டு. உண்மையைச் சொல்லியிருந்தால் ரெண்டு நாள் முகத்தை நீட்டிப்போட்டு விட்டிருப்பார்.

அந்தப் பேச்சில உன்ர அப்பாவுக்கு விளங்கினது யோசிப் எண்ட ஒரு சொல்தான். எழும்பிக் கை தட்டினார். எல்லாரும் தன்னைத்தான் பார்க்கினம் எண்டு நினைச்சுக் கும்பிட்டும் விட்டார். பிளேனில என்னட்டக் கேட்டார், சம்பந்தி தன்னைப் பற்றி என்ன சொன்னவரெண்டு. இவ்வளவு நல்ல மனிசன்ர பேர் பேரனுக்குக் கிடைச்சது பாக்கியம் எண்டு சொன்னவர் எண்டன். செபமாலை சொல்லுற வாயால சொன்னன், சுதன். வீடு வந்து சேருமட்டும் சிரிச்சுக்கொண்டு வந்தார்.

இனி உண்மை சொல்லப்போறன் எண்டு நீ வெளிக்கிட்டிடாதை. அடுத்தமுறை வீடியோவில வரேக்க, அவர் பார்த்துக்கொண்டிருக்க, பிள்ளையை ஒருக்கால் சூசை எண்டு கூப்பிடு ராசா. ஒருக்கால் போதும். அவர் கண் மூடினாப்பிறகு நீங்கள் விரும்பினபடி கூப்பிடுங்கோ, நான் ஒண்டும் கேட்கமாட்டன்.

மாதா உங்கள் மூண்டு பேருக்கும் துணை இருக்கட்டும்.

அம்மா,
மனோரமா