காய்ச்சல் விட்ட பிறகு

கயல் நிலையம், நிலவுச் சுற்றுப்பாதை. திங்கள், 07:00
காற்றழுத்தம் சரி. தண்ணீர் சரி. நிலையத்தில் நான் ஒருத்திதான்: டாக்டர் எஸ்தர் பொன்ராணி, நோய் எதிர்ப்பு ஆய்வாளர். போன மாதம் ரத்தத்தில் கிருமி பரவிச் சாகக் கிடந்தேன். பிழைத்தது மருந்தால், பூமியிலிருந்து ஆலோசனை சொன்ன டாக்டர் வரதராஜனால் அல்ல.

செவ்வாய், 09:30
கடைவாய்ப் பல்லில் வீக்கம். லேசான காய்ச்சல். காலையில் சூடாகக் குடிப்பேனே, அதன் பெயர் வரவே இல்லை. மதியம்தான் வந்தது: காபி. பூமியிலுள்ள கட்டுப்பாட்டு மையத்துக்குச் சொன்னேன். வரதராஜன் பதில்: "மேடம், உங்க ரத்த ரிப்போர்ட் சுத்தமா இருக்கு. தனிமைதான் காரணம். கொஞ்சம் தியானம் பண்ணுங்க."
தியானமாம். மூளையின் காவல் செல்கள் பெரிய தொற்றை மறப்பதில்லை. அடுத்து சின்னக் கிருமி எட்டிப் பார்த்தாலே வெறிபிடித்து நல்ல நரம்பையும் சேர்த்துக் கடிக்கும். ரத்தத்தில் அது தெரியாது. இந்த ஆளுக்குப் பட்டம் கொடுத்தவர்களைச் சொல்ல வேண்டும்.

புதன், 16:00
ஹசீனா ஓட்டிவரும் கப்பல் நாளை வந்து சேர்கிறது. உள்ளே நாலு பேர். கப்பலைப் பிடித்து நிலையத்தோடு சேர்க்கும் இணைப்புக் கரத்தை நான் கையால் இயக்க வேண்டுமாம். பயிற்சித் திரையில் ஓட்டிப் பார்த்தேன். கப்பலை இடித்தேன். மறுபடி ஓட்டினேன். அப்போதும் இடித்திருக்கிறேன், திரை சொல்லித்தான் தெரிந்தது.
மையம்: "உங்களால முடியும் மேடம். உத்தரவை மாத்த முடியாது."
நாற்காலியைத் தேய்க்கும் கூட்டம். ஹசீனாவையே அழைத்தேன். "கரத்தைப் பூட்டிடறேன். உன் பக்கத்திலிருந்தே சேர்த்துக்கோ. நாளைக்கு நான் என்ன சொன்னாலும் கேட்காதே."
"சரிக்கா. நீங்க திட்டினாலும் வருவேன்."
பூட்டிவிட்டேன். பாஸ்வேர்டை அவளுக்கு அனுப்பிவிட்டு இங்கே அழித்தேன். பயம்தான். அந்த முட்டாள்களுக்குத் தெரிய வேண்டாம்.

வியாழன். வெள்ளியாகவும் இருக்கலாம்
கரத்தை எவனோ பூட்டியிருக்கிறான். வடிகட்டின முட்டாள். வரதராஜன் வேலை. வெளியே ஒரு கப்பல் வந்து ஒட்டிக்கொண்டது. திரும்பிப் போ என்று கத்தினேன். போகவில்லை. கதவைத் தட்டுகிறார்கள்.
"அக்கா, நான் ஹசீனா. நாலு பேரும் நல்லபடியா வந்துட்டோம். உங்களுக்கு மருந்து இருக்கு. கதவைத் திறங்க."
குரலில் என்ன ஒரு கனிவு. இந்த நடிப்பெல்லாம் என்னிடம் பலிக்காது. நான் டாக்டர். டாக்டர்
கதவுக்குப் பக்கத்தில் சிவப்புப் பிடி. திருப்பினால் அவர்கள் நிற்கும் அறையின் காற்று முழுக்க வெளியே போய்விடும். இது மட்டும் நன்றாக நினைவிருக்கிறது.