என் பெயரில் மட்டும் ஒரு கணக்கு

ஒக்டோபர் 6, திங்கள்

காலையில் வெயில், மத்தியானம் இடி. கடல் பக்கம் இருண்டு கிடந்தது, மழை மட்டும் இல்லை. துவைத்த துணி இன்னும் மெஷினுக்குள்ளேயே. நாளைக்கு நாறும்.

செய்தி: ஹெவ்லொக் டவுன் பள்ளிக்கூட வேலை கிடைத்துவிட்டது! பியானோ டீச்சர், மாதச் சம்பளம், இந்த மாதத்திலிருந்தே. வீடு வீடாகப் போய்ச் சொல்லிக்கொடுத்தது போதும். சந்தோஷத்தில் மீன் வைத்த மாலு பாண் ஒன்று வாங்கி ரோட்டிலேயே நின்று தின்றேன்.

பள்ளிக்கூடம் கேட்பது ஒன்றுதான். சம்பளம் போட வங்கிக் கணக்கு இலக்கம். 17ஆம் திகதிக்குள்.

இருப்பது ஜூட் அண்ணாவோடு சேர்ந்த கணக்கு. கொட்டாஞ்சேனைக் கிளை. கார்ட் அவரிடம், புத்தகம் அவரிடம். பிள்ளைகளின் பெற்றோர் போடும் பீஸ் எல்லாம் அதற்குள்தான் விழும். ஞாயிறு கொட்டாஞ்சேனைச் சேர்ச்சில் பூசை முடிந்து அவர் வீட்டில் சாப்பிட்ட பிறகு கிழமைச் செலவுக்கு எண்ணித் தருவார். தரும்போதே கேள்வி: போன கிழமைக் காசு எங்கே போனது? எனக்கு முப்பத்தாறு வயது.

இந்தச் சம்பளம் அதற்குள் விழாது. விழ விடமாட்டேன்.

ஒக்டோபர் 7, செவ்வாய்

மழை. துணி நாறியது. திரும்பத் துவைத்தேன், திரும்ப மறந்தேன்.

அண்ணாவிடம் கணக்குப் போனது எப்படி என்று எனக்கே ஒரு தரம் எழுதிவைக்க வேண்டும். கிரெடிட் கார்ட் காலம். எல்லோரும் சொல்வது: அவள் காசைக் கரைத்துவிட்டாள். பொய். காசு இருந்தது. கட்டவேண்டிய நாள் வந்தது, போனது, நான் கட்டவில்லை. அபராதம், அபராதத்துக்கு வட்டி. கடைசியில் வங்கியிலிருந்து ஒரு ஆள் வீட்டுக்கே வந்து அண்ணாவிடம் கதைத்தான். நான் அதே ஹோலில் நின்றேன். என் பக்கம் திரும்பவும் இல்லை.

டொக்டர் போன வருடம்தான் அதற்குப் பெயர் சொன்னார். ஏ.டி.எச்.டி, கவனக் குறைபாடு. அதற்கு முன் எனக்கு இருந்த பெயர்கள்: கவலையீனம், அரைக்கிறுக்கு, பொறுப்பில்லாதவள். அண்ணாவின் கேள்வி இன்றைக்கும் அதுதான். இவ்வளவு நீளப் பாட்டு நோட்டுப் பார்க்காமல் வாசிக்கிறாய், லைட் பில் ஞாபகம் வராதோ? வராது. எனக்கும் அதற்கு விளக்கம் தெரியாது. தெரிந்தால் முதல் ஆளாக நானே எனக்குச் சொல்லியிருப்பேன்.

புதுக் கணக்கில் வேண்டியவை —
சம்பளம் வந்த கையோடு வாடகை தானாகப் போகவேண்டும்.
மிச்சம் என் கைக்கு லேசில் எட்டக்கூடாது.
மெசேஜ், காசு வந்தால் போனால் மட்டும். தள்ளுபடி, அதிர்ஷ்டச் சீட்டிழுப்பு, பண்டிகை வாழ்த்து ஒன்றும் வேண்டாம். பத்து மெசேஜ் வந்தால் பதினோராவதை நான் பார்க்கமாட்டேன்.
கிரெடிட் கார்ட் வேண்டாம். காலில் விழுந்தாலும் வேண்டாம்.
அரிசி முடிந்துவிட்டது. (இது கடைக்கு.)

ஒக்டோபர் 8, புதன்

வங்கி 1. வெள்ளவத்தை, காலி வீதி. தீபாவளிக் கூட்டம் புடவைக் கடைகளிலிருந்து ரோட்டுக்கு வழிகிறது. உள்ளே ஏசி, பாட்டு, டிவி, மூன்றும் ஒரே நேரத்தில். டை கட்டிய தம்பி ஒருவர்.

கார்ட் இல்லாத கணக்கு இருக்கிறதா என்று கேட்டேன். பெண்களுக்கென்றே விசேட கணக்கு இருக்கிறதாம், குடை தருவார்களாம். ஆப் இல்லாமல் நடத்தலாமா என்று கேட்டேன். ஆப்பில் பதிந்தால் நகைக்கடையில் விலைக்கழிவாம். மெசேஜ்களை நிறுத்தலாமா என்றேன். எதற்கு நிறுத்த, நல்ல ஒஃபர் எல்லாம் வருமே என்றார். கடைசியில் கிரெடிட் கார்ட் படிவத்தை என் பக்கம் தள்ளினார். முதல் வருடம் இலவசம்.

ஒரு கேள்விக்கும் பதில் இல்லை. வாய் ஓயாத சிரிப்பு மட்டும். எழுந்து வந்தேன். என் சொந்தக் குடையை அங்கேயே விட்டு வந்தேன். திரும்பப் போய் எடுக்கவேண்டி வந்தது. அவர் அதற்கும் சிரித்தார். படுபாவி.

ஒக்டோபர் 10, வெள்ளி

பேனையை இரண்டு தரம் எறிந்துவிட்டு எழுதுகிறேன்.

வங்கி 2. கொள்ளுப்பிட்டி. இந்த முறை உண்மையைச் சொல்லிவிடுவோம் என்று போனேன். மறைக்க என்ன இருக்கிறது? டொக்டரிடம் சொல்வதைப் போல ஒழுங்காகச் சொன்னேன். எனக்கு ஏ.டி.எச்.டி இருக்கிறது, பில் கட்டும் நாள் மனதில் நிற்காது, அதற்கு ஏற்ற மாதிரி ஒரு கணக்கு வேண்டும் என்று. மேசையில் இருந்த பெண் பேனையை வைத்தாள். முகம் மாறியது. பக்கத்து மேசைக்காரியிடம் சிங்களத்தில் சொன்னாள், இவவுக்குக் கொஞ்சம் சுகமில்லைப் போல, தனியாகவும் வந்திருக்கிறா என்று. எனக்குச் சிங்களம் விளங்காது என்று நினைத்திருக்கிறாள். கொட்டாஞ்சேனையில் பிறந்து வளர்ந்தவளுக்கு!

பிறகு மெனேஜர். நல்ல மரியாதை. கதிரையை இழுத்துப் போட்டார், தண்ணீர் வேண்டுமா என்றார், சின்னப் பிள்ளையிடம் கதைப்பது போல மெல்ல மெல்லக் கதைத்தார். “வீட்டில யாரையாவது கூட்டிக்கொண்டு வாங்கோ மிஸ். இல்லாட்டி உங்களுக்கு எல்லாம் விளங்கும் எண்டு டொக்டரிட்ட ஒரு கடிதம்.”

எனக்கு எல்லாம் விளங்குகிறது என்று சொன்னேன். தலையாட்டினார். நோயாளி சொல்வதற்கு ஆட்டும் தலையாட்டு.

சக்கர நாற்காலிக்காரருக்கு வாசலில் சாய்வுப் பாதை கட்டியிருக்கிறார்கள். நல்லது. அவரிடம் யாரும் புத்தி இருக்கிறதா என்று கடிதம் கேட்பதில்லை. எனக்கு வேண்டிய சாய்வுப் பாதை, மாதம் ஒரு தரம் தானாக வாடகை போக ஒரு ஏற்பாடு. அதற்கு நான் பைத்தியம் இல்லை என்று சான்றிதழ் கொண்டுவர வேண்டுமாம்.

பஸ்ஸில் அழுதேன். இறங்கவேண்டிய இடம் தாண்டிவிட்டது.

ஒக்டோபர் 12, ஞாயிறு

வெயில் கொளுத்தியது. பூசை, பிறகு அண்ணா வீடு. பன்றி இறைச்சிக் கறி, பருப்பு, கோவா வறை. அண்ணி மூன்று தரம் சோறு போட்டார், நல்ல இறைச்சித் துண்டாக அண்ணா பார்த்துப் போட்டார்.

தனிக் கணக்குத் திறக்கப்போவதைச் சொன்னேன். அண்ணா பிசைந்த சோற்றை அப்படியே வைத்தார்.

“ஏன், நான் உன்ர காசைத் திண்டனானா?”

இல்லை. ஒரு ரூபாய் கூட இல்லை. துறைமுகத்தில் ஊரான் சாமானுக்கே கணக்குத் தப்பாமல் பார்க்கிற மனுஷன், என் காசில் கை வைப்பாரா? அதுதான் கஷ்டம். கள்ளன் என்றால் சண்டை லேசாக இருந்திருக்கும்.

பிறகு பழைய கிரெடிட் கார்ட் கதை, முதலிலிருந்து. வட்டி, வீட்டுக்கு ஆள் வந்தது, அயலட்டம் பார்த்தது. அண்ணி சாப்பாட்டுக் கோப்பைகளை எடுத்துக்கொண்டு குசினிக்குப் போய்விட்டார். நீ தனிய நடத்தி ஒரு மாதம் தாங்காது என்றார் அண்ணா. பார்ப்போம் என்றேன். கிழமைக் காசைத் தந்தார், வாங்கினேன். வாங்கியதை நினைத்தால் இப்போது உடம்பெல்லாம் எரிகிறது. வாங்காமல் என்ன செய்வது? அது என் காசு!

ஒக்டோபர் 14, செவ்வாய்

காலையில் தூறல். கீழ் வீட்டு ரிஸ்னாவின் மகளுக்கு வகுப்பு.

ரிஸ்னாவிடம் வங்கி 2 கதையைச் சொன்னேன். அவளுக்கு என்னிலும் கூடுதலாகக் கோபம் வந்தது. “என்னத்துக்கு நீங்க அத செல்லப் போன? சீனி வருத்தம் ஈக்கிறவங்க பேங்க்ல போய் அத செல்றாங்களா?”

சரிதான். ஆனால் ஏன் சொல்லக்கூடாது? சொன்னால் கட்டிப்போடுகிறார்கள், சொல்லாவிட்டால் பொறுப்பில்லாதவள் என்கிறார்கள். நடுவில் நான் எங்கே நிற்க?

பிள்ளைக்கு இன்று இரண்டு கையும் சேரவில்லை. இடது கை பிந்துகிறது, அதைப் பார்க்கப் போனால் வலது கை நிற்கிறது. நான் எல்லோருக்கும் சொல்வதையே சொன்னேன்: இடது கையைத் தனியே பழக்கு, அது பாட்டுக்குத் தானாக ஓடட்டும், பிறகு அதை மறந்துவிட்டு வலது கையால் விளையாடு. சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவளின் பாட்டு நோட்டின் ஓரத்தில் இரண்டு பெட்டி கீறினேன். பிள்ளை என்னைப் பார்க்கிறது.

கணக்கும் இரண்டு வேண்டும். இடது கைக்கு ஒன்று: சம்பளம் விழும், வாடகை, லைட், தண்ணீர் தானாகப் போகும், நான் தொடுவதில்லை. வலது கைக்கு ஒன்று: கையில் கார்ட், முடிந்தால் முடிந்ததுதான். மறப்பதை யாரும் திருத்த வேண்டாம். மறந்தாலும் ஓடுகிற மாதிரி வைத்தால் போதும்.

இவ்வளவுதானே! இதை எனக்குச் சொல்லித்தர ஒரு வங்கிக்கும் வாய் வரவில்லை, குடை தர வருகிறது.

ஒக்டோபர் 15, புதன்

வங்கி 3. வெள்ளவத்தைச் சந்தைக்குப் பக்கத்தில், சின்னக் கிளை. டிவி இல்லை. மேசையில் நடுத்தர வயதுக்காரர், பல்வலி, கன்னத்தில் கை. என்னில் ஒரு துளி அக்கறை இல்லை. கேட்டதற்குப் பதில் சொன்னார், கேளாததைச் சொல்லவில்லை. கடவுளே, என்ன நிம்மதி.

வாடகையைச் சம்பள நாளுக்கே வைக்கலாமா? வைக்கலாம், ஆனால் சம்பளம் பிந்தினால் வாடகைக் கட்டளை தவறும், அபராதம் வரும். மூன்று நாள் தள்ளி வையுங்கள் என்றார். அந்த மூன்று நாளுக்குள் நான் காசை எடுத்துவிட்டால்? கார்ட் வாங்காமல் விடுங்கள் என்றார். புத்தகத்தோடு வந்து கியூவில் நின்றுதான் எடுக்கலாம், பெரிய தொல்லை என்று எச்சரித்தார். அந்தத் தொல்லைதான் எனக்கு வேண்டும் என்றேன். பல்வலியோடு ஒரு தரம் நிமிர்ந்து பார்த்தார், அவ்வளவுதான்.

முடிவு: ஒன்று புத்தகம் மட்டும். இரண்டாவது கார்டோடு. திங்கள்தோறும் முதலாவதிலிருந்து இரண்டாவதுக்குச் செலவுக்காசு தானாக வரும். கூட்டுக் கணக்கா என்று கேட்டார். தனி என்றேன். அடையாளம் போட்டுவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போனார். உலகம் இடிந்து விழவில்லை.

ஏ.டி.எச்.டி பற்றி மூச்சுவிடவில்லை. விட்டிருந்தால் இவரும் பேனையை வைத்திருப்பாரோ தெரியாது. காரியம் முடிந்தது. பொத்திக்கொண்டிருந்தால்தான் முடியும் என்பதுதான் பற்றி எரிகிறது.

இலக்கத்தைப் பள்ளிக்கூடத்துக்கு அங்கே வாசலில் நின்றே ஈமெயில் பண்ணினேன். வீட்டுக்கு வந்தால் மறந்துவிடுவேன். என்னை எனக்குத் தெரியும்.

ஒக்டோபர் 17, வெள்ளி

கடும் மழை. சப்பாத்துக்குள் தண்ணீர்.

ஈமெயில் போனதா என்று பார்க்க எக்கவுண்ட்ஸ் பிரிவுக்குப் போனேன். அங்கே இருக்கும் பெண் சிரித்தபடி சொன்னாள்: “உங்கட பிரதர் திங்கக்கிழமையே நம்பர் தந்திட்டார் மிஸ். நீங்க குழம்புவீங்க எண்டு சொன்னவர். அதைத்தான் போட்டிருக்கிறன்.”

வேலையில் சேரும்போது அவசரத்துக்கு ஒரு பெயர் கேட்டார்கள். அண்ணாவின் பெயரைக் கொடுத்திருந்தேன். இலக்கம் இன்னும் வரவில்லை என்று அவருக்குப் போன் அடித்திருக்கிறார்கள். எனக்கு அல்ல. அவர் கூட்டுக் கணக்கைக் கொடுத்துவிட்டார். ஞாயிறு நான் அவ்வளவு சொன்ன பிறகு, திங்கள்!

“வேலை செய்யிறது நான். நான் தந்த நம்பருக்குத்தான் சம்பளம் வரவேணும்.”

குரல் உயர்ந்துவிட்டது. பக்கத்து அறையில் இருந்து எட்டிப் பார்த்தார்கள். பார்க்கட்டும். அவள் அண்ணாவின் இலக்கத்தை அழித்து என்னுடையதைப் பதியும்வரை நகரவில்லை, திரும்ப வாசிக்கச் சொல்லிக் கேட்டேன். அந்த ‘குழம்புவீங்க’வையும் அழிக்க முடியுமா என்று கேட்கவேண்டும் போல் இருந்தது. இனி இங்கே என்னை எப்படிப் பார்ப்பார்கள்?

வெளியே வந்து அண்ணாவுக்குப் போன் அடித்தேன். நல்லதுக்குத்தான் செய்ததாகச் சொன்னார். என் நல்லதை இனி நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டு வைத்தேன்.

ஒக்டோபர் 19, ஞாயிறு

கொட்டாஞ்சேனைக்குப் போகவில்லை. இங்கேயே கோயிலுக்குப் போனேன், பிரசங்கம் காதில் ஏறவில்லை. அண்ணி மெசேஜ்: இறைச்சி வைத்திருக்கிறாவாம். பதில் போடவில்லை. பாணும் சம்பலும். தெருவெல்லாம் தீபாவளி வெடிச் சத்தம். இந்தக் கிழமைக் காசு இல்லை, கையில் இருப்பது பஸ்ஸுக்கு மட்டும் காணும்.

ஒக்டோபர் 24, வெள்ளி

காலையில் மழை, பிறகு தெளிந்தது. சம்பள நாள் 25 சனி என்பதால் இன்றே போட்டுவிட்டார்கள். இடைவேளையில் மெசேஜ். என் பெயர், என் கணக்கு. மேலே கீழே வேறு மெசேஜ் ஒன்றும் இல்லை. பியானோ அறையில் தனியே இருந்து அதைத் திரும்பத் திரும்ப வாசித்தேன். எடுத்துச் செலவழிக்க ஆசை வந்தது, அந்தக் கணக்குக்குக் கார்ட் இல்லை, ஆசை போய்விட்டது.

பின்னேரம் அண்ணா போன் அடித்தார். சம்பளம் வந்ததா என்றார். வந்தது என்றேன். எவ்வளவு என்றார். அது என் விஷயம் என்றேன்.  பின்னால் துறைமுக லொறிச் சத்தம். 

“அப்ப இனி ஞாயிற்றுக்கிழமையில வரமாட்டாய் என்ன?”

“ஏன் வராமல்?”

“காசு எடுக்கத்தானே வாறனீ.”

கோபமாகச் சொல்லவில்லை. குத்திக் காட்டவும் இல்லை. மழை வரும்போல இருக்கிறது என்று சொல்வதைப் போலச் சொன்னார். மனதார அப்படியே நம்பியிருக்கிறார். அம்மா போன பிறகு எனக்கு என்று இருக்கிற ஒரே ஆள். காசுக்கு வருகிறவள் என்று நினைத்துக்கொண்டா இத்தனை வருடம் நல்ல துண்டாகப் பார்த்து என் கோப்பையில் போட்டார்? கார்டைக் கையில் தந்தால் நான் வரமாட்டேன் என்று பயந்தா வைத்திருந்தார்?

இதைப் போனில் கேட்க முடியாது. வைத்துவிட்டேன். அழுகையா ஆத்திரமா என்று தெரியவில்லை, இரண்டும்தான்.

ஞாயிறு போவேன். வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டுச் சண்டை பிடிப்பேன்.