படிக்காமல் பாராட்டிய புத்தகம்

ஞாயிறு இரவு

தாம்பரத்தில் இன்று சேகரின் முதல் கவிதைத் தொகுப்பு வெளியீடு. நான்தான் சிறப்புப் பேச்சாளர். புத்தகத்தைப் படிக்காமலே போயிருந்தேன். பொருளடக்கத்தில் ‘அம்மா இல்லாத மதியம்’ என்ற தலைப்பைப் பார்த்துவிட்டு, தாயைப் பறிகொடுத்த மகனின் கண்ணீர் என்று பத்து நிமிடம் உருகினேன். கைதட்டினார்கள். சேகர் மட்டும் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தான்.

கூட்டம் முடிந்ததும் ஓர் அம்மா என்னிடம் வந்தார்.

“நான் சேகரோட அம்மா சார். எனக்குப் படிக்கத் தெரியாது. நான் செத்துட்ட மாரியா எழுதிகீறான்?”

படிக்கவில்லை என்று அப்போதாவது சொல்லியிருக்கலாம். “கவிதைன்னா அப்படித்தாம்மா” என்றேன். மகனை ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டுப் போய்விட்டார்.

இப்போதுதான் அந்தக் கவிதையைப் படித்தேன். அம்மா பல்லாவரம் சந்தைக்குப் போயிருக்கிறார். அவர் வரும்வரை மகன் சாப்பிடாமல் காத்திருக்கிறான்.

சேகரைக் கூப்பிடப் போனை எடுத்தேன். தைரியம் வரவில்லை.